ஒரே 'காரணம்', இரண்டு ஆங்கிலச் சொற்கள்: 'காஸ்', 'ரீசன்' வேறுபாட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு, விளக்கம் கேட்டு அனுப்பப்படும் ஷோகாஸ் நோட்டீஸ் என்ற சொல் பழக்கமானது. அதில் வரும் 'காஸ்' (cause) என்ற சொல்லையும், விடுப்பு விண்ணப்பத்தில் நாம் எழுதும் 'ரீசன்' (reason) என்ற சொல்லையும் எப்படிப் பிரித்தறிவது என்பதே இந்த வழிகாட்டியின் பொருள். இரண்டையும் தமிழில் நாம் 'காரணம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கிறோம். காய்ச்சலுக்கும் காரணம் உண்டு, கல்யாணத்துக்கு வராமல் போனதற்கும் காரணம் உண்டு. தமிழில் பேசும்வரை இதனால் ஒரு குறையும் இல்லை, ஏனென்றால் எந்தக் காரணத்தைச் சொல்கிறோம் என்பதைத் தமிழ் வாக்கியத்தின் வினையும் உருபும் காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் எந்தச் சொல்லைப் போடுவது என்ற கேள்வி எழுகிறது.

பாளையங்கோட்டையில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் கற்பித்து வருகிறேன். இடையிடையே மனுக்களையும் ஆவணங்களையும் மொழிபெயர்த்தும் கொடுக்கிறேன். மாணவர்கள் காலத்திலும் ஒருமை பன்மையிலும் செய்யும் பிழைகள் கண்ணில் பட்டுவிடும், உடனே திருத்திவிடலாம். இந்தப் பிழை அப்படிப்பட்டதன்று. இலக்கணப்படி வாக்கியம் சரியாகவே நிற்கும், பொருள் மட்டும் நாம் சொல்ல வந்ததை விட்டு விலகிவிடும். இதை நான் கற்றுக்கொண்டதே ஒரு பிழையைச் செய்துதான்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்த எங்கள் பெரியப்பாவின் வைக்கோல் படப்பு ஓர் இரவில் எரிந்து சாம்பலாகிவிட்டது. பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து, மாட்டுக்கு அடுத்த ஆண்டுவரை வரவேண்டும் என்று அடுக்கிய படப்பு அது. நிவாரணம் கேட்டு ஆங்கிலத்தில் ஒரு மனு எழுதித் தரும்படி பெரியப்பா என்னிடம் சொன்னார். 'தீப்பிடித்த காரணம் தெரியவில்லை' என்பது அவர் சொன்ன வாக்கியம். அகராதியில் காரணத்துக்கு 'ரீசன்' என்று இருந்ததை நம்பி, 'த ரீசன் ஃபார் பர்னிங் த ஹேஸ்டாக் ஈஸ் நாட் நோன்' என்று எழுதிக் கொடுத்தேன். அலுவலகத்தில் மனுவைப் படித்த எழுத்தர், "அண்ணாச்சி, படப்பை எதுக்கு எரிச்சாங்கன்னு தெரியலைன்னுல்லா எழுதியிருக்கு. அப்ப எரிச்சது யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். பெரியப்பா ஒன்றும் சொல்லாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

ஒரு விபத்தை ஒருவர் செய்த செயலாக மாற்றியிருந்தேன். அதைத் தவிர்ப்பதற்கான படிகளை இனிப் பார்ப்போம்.

முதல் படி: நடந்ததா, செய்ததா என்று பாருங்கள்

உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர் பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுவதற்கு முன் கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவுவார். சுண்ணாம்பை விரலில் தொட்டு, அடிப்பகுதியில் தொடங்கி மேல்நோக்கிச் சுற்றிச் சுற்றிப் பூசிக்கொண்டு வருவார். அளவு அவருடைய விரலுக்குத் தெரியும். குறைந்தால் பதநீர் புளிக்கும், கூடினால் குடிக்கும்போது சுண்ணாம்பு தூக்கலாகத் தெரியும். இந்த ஒரு காட்சியைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று கேள்விகள் கேட்கலாம்.

சுண்ணாம்பு தடவாத கலயத்தில் வடிந்த சாறு ஏன் புளித்துக் கள்ளாகிறது? காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாற்றின் சர்க்கரையைச் சாராயமாக மாற்றுகிறது. அதற்கு எந்த நோக்கமும் கிடையாது, யாரையும் கேட்டு அது செய்வதும் இல்லை. இது 'காஸ்'. பனையேறி ஏன் சுண்ணாம்பு தடவுகிறார்? சாறு புளிக்காமல் பதநீராகவே இறங்கவேண்டும் என்பதற்காக. இது அவர் மனத்தில் இருக்கும் எண்ணம், கேட்டால் அவரே சொல்வார். இது 'ரீசன்'. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் சாறு ஏன் புளிக்கவில்லை? சுண்ணாம்பின் காரத்தன்மை ஈஸ்ட்டின் வேலையை முடக்கிவிடுகிறது. இது மறுபடியும் 'காஸ்'. ஒரே சுண்ணாம்பு ஒரு கேள்வியில் எண்ணத்தின் பக்கமும் இன்னொரு கேள்வியில் இயற்கையின் பக்கமும் வந்து நிற்பதைக் கவனியுங்கள்.

இன்னும் ஓர் அடி உள்ளே போய்ப் பார்த்தால் வேறுபாடு மேலும் துலங்கும். இருட்டில் சுண்ணாம்பு என்று நினைத்து அரிசிமாவைத் தடவிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சாறு புளித்துத்தான் போகும், ஏனென்றால் மாவு ஈஸ்ட்டைத் தடுக்காது. ஆனால் அவர் தடவியதன் 'ரீசன்' மாறவில்லை, புளிக்காமல் இருக்கவேண்டும் என்றுதான் தடவினார். மாறாக, யாரோ வேறு வேலைக்காகச் சுண்ணாம்பு கரைத்த கலயம் கழுவப்படாமல் மரத்துக்குப் போயிருந்தால், ஒருவரும் நினைக்காமலே சாறு புளிக்காமல் இருந்திருக்கும். 'காஸ்' ஒருவருடைய அறிவைச் சார்ந்து நிற்பதில்லை. 'ரீசன்' ஒருவருடைய அறிவில் அன்றி வேறெங்கும் இல்லை, அந்த அறிவு பிழையாகவே இருந்தாலும்கூட.

ஆங்கிலச் சொற்களின் பிறப்பும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. 'ரீசன்' என்பது பழைய பிரெஞ்சு மொழி வழியாக, கணக்கிடுதல் என்ற பொருளுடைய 'ராட்டியோ' என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. 'அவன் ஏதோ ஒரு கணக்குப் போட்டுத்தான் இந்த வேலையைச் செய்திருக்கிறான்' என்று நம் ஊரில் பேசிக்கொள்கிறோமே, அந்தக் கணக்குதான் 'ரீசன்'. பகுத்தறிவையும் ஆங்கிலத்தில் அதே சொல்லால் குறிக்கிறார்கள்.

இரண்டாம் படி: தமிழ் வாக்கியத்தின் உருபைக் கேளுங்கள்

நம் இலக்கணத்துக்கு இந்த வேறுபாடு புதிதன்று. ஏது என்ற பொருளை ஐந்தாம் வேற்றுமைக்கும், பொருட்டு என்ற பொருளை நான்காம் வேற்றுமைக்கும் அது பிரித்து வைத்திருக்கிறது. 'கல்வியிற் பெரியன் கம்பன்' என்று பள்ளியில் படித்தது ஏது, 'கூலிக்கு வேலை செய்தான்' என்பது பொருட்டு. இன்றைய வழக்கில் ஏதுப் பொருளைப் பெரும்பாலும் 'ஆல்' என்ற உருபால் சொல்கிறோம். எனவே மொழிபெயர்க்க எடுத்த வாக்கியத்தில் 'க்காக', 'பொருட்டு', 'வேண்டி' என்று வந்தால் 'காஸ்' என்ற சொல்லை அங்கே நினைக்கவே வேண்டாம். அது நோக்கம், 'ரீசன்' என்ற குடும்பத்தைச் சேர்ந்தது.

'ஆல்' வந்தால் மட்டும் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். 'மழை பெய்ததால் சுவர் இடிந்தது', 'மழை பெய்ததால் நான் வேலைக்குப் போகவில்லை' என்ற இரண்டு வாக்கியங்களிலும் உருபு ஒன்றுதான். சுவரை மழை நேராகவே இடித்தது. என்னை மழை பிடித்துக் கட்டிப்போடவில்லை. மழையைப் பார்த்தேன், போகவேண்டாம் என்று முடிவு செய்தேன். மழைக்கும் நான் போகாமைக்கும் நடுவில் என் மனம் இருக்கிறது. அப்படி ஒரு மனம் நடுவில் வந்துவிட்டால் ஆங்கிலம் 'ரீசன்' என்ற சொல்லை விரும்பும்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டலச் சுழற்சியால் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நாம் மறக்கமுடியாது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பதிவானது. அந்த இரவில் திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளுடன் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நிறுத்தப்பட்டது. அங்கிருந்து செய்துங்கநல்லூர் போகும் வழியில் தண்டவாளத்துக்கு அடியிலிருந்த ஜல்லியை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. ஜல்லி அரிக்கப்பட்டதற்கு வெள்ளம் 'காஸ்'. ரயில் நிறுத்தப்பட்டதற்குப் பயணிகளின் உயிர்ப் பாதுகாப்பு 'ரீசன்', ஏனென்றால் நிறுத்துவது என்பது பொறுப்பில் இருந்தவர்கள் எடுத்த முடிவு. ரயில் தாமதமானதற்கு எது என்று கேட்டால் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லும் பொருந்தும். தாமதத்தை ஒரு நிகழ்ச்சியாகப் பார்க்கிறவர் 'காஸ் ஆஃப் த டிலே' என்பார், பயணிகளுக்கு விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் 'ரீசன் ஃபார் த டிலே' என்பார். நிலைய ஒலிபெருக்கி அறிவிப்புகளில் இரண்டாவதையே கேட்கிறோம்.

இந்த இடத்தில் ஒன்றை நேர்மையாகச் சொல்லவேண்டும். வழக்கு ஆங்கிலத்தில் 'ரீசன்' சற்று அகலமான சொல். 'குழாய் வெடித்ததற்கு ரீசன் அழுத்தம்' என்று ஆங்கிலேயர்களும் பேசுகிறார்கள், அதைப் பிழை என்று யாரும் சொல்வதில்லை. எந்த விளக்கத்தையும் 'ரீசன்' தன் மடியில் ஏந்திக்கொள்ளும். ஆனால் 'காஸ்' அப்படி மறுபக்கம் தாராளமாகப் போவதில்லை. 'மை காஸ் ஃபார் லீவ்' என்று விடுப்பு விண்ணப்பத்தில் எழுதினால் அது ஆங்கிலமே ஆகாது. நான் எழுதிய மனுவில்கூட 'ரீசன்' என்ற சொல் மட்டும் குற்றவாளியன்று. 'தீப்பிடித்தது' என்ற தன்வினையை 'எரித்தது' என்ற பிறவினையாக ஆக்கி, அதன் பக்கத்தில் 'ரீசன்' என்பதைக் கொண்டுபோய் வைத்ததால், எரித்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்ற பொருள் உறுதிப்பட்டுவிட்டது.

மூன்றாம் படி: இரண்டு அடைமொழிகளால் உரசிப் பாருங்கள்

மாணவர்கள் மிக விரைவில் பிடித்துக்கொள்ளும் சோதனை இது. தமிழ் வாக்கியத்தில் காரணம் என்ற சொல்லுக்கு முன்னால் 'நியாயமான' என்ற அடைமொழியைப் போட்டுப் பாருங்கள். 'அவர் கூட்டத்துக்கு வராததற்கு நியாயமான காரணம் இருக்கிறது' என்பது தடையின்றி ஓடுகிறது. 'டெங்கு பரவியதற்கு நியாயமான காரணம் கொசு' என்பது எந்தக் காதுக்கும் இடிக்கிறது. கொசுவிடம் நியாயம் கேட்க முடியாது. நியாயம் பொருந்தும் இடம் 'ரீசன்', பொருந்தாத இடம் 'காஸ்'. அடுத்து 'மூல' என்பதைச் சேர்த்துப் பாருங்கள். 'களக்காட்டில் வாழை வாடியதற்கு மூலகாரணம்' என்பது பொருந்துகிறது. 'நான் உங்கள் வீட்டுக்கு வந்ததற்கு மூலகாரணம்' என்பதை அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியவில்லை. மூலகாரணம் பெரும்பாலும் 'காஸ்' பக்கம் சாயும்.

பொய்க்கும் இங்கே ஓர் இடம் உண்டு. உண்மையான 'ரீசன்' என்பதை மறைத்து வேறொன்றைச் சொன்னால் அதற்குச் சாக்கு என்று பெயர். 'காஸ்' என்பதற்குச் சாக்கு கிடையாது. எது 'காஸ்' என்று நாம் தவறாகக் கணிக்கலாம், மறைக்கலாம், ஆனால் நெருப்போ கிருமியோ தன் பங்குக்குச் சாக்குச் சொல்வதில்லை.

மூலகாரணம் என்று சொன்னதும், மருத்துவர்கள் நிரப்பும் இறப்புக் காரணச் சான்றிதழ் என் நினைவுக்கு வருகிறது. அதில் 'காஸ்' என்ற சொல்லுக்கு எவ்வளவு கறாரான பொருள் இருக்கிறது என்பதைப் பார்க்கலாம். முதல் வரியில் உடனடிக் காரணம், அடுத்த வரிகளில் அதற்கு இட்டுச்சென்ற முந்தைய காரணங்கள், கடைசி வரியில் சங்கிலியைத் தொடங்கிவைத்த அடிப்படைக் காரணம் என்று அந்தப் படிவம் அடுக்கி வைக்கப்பட்டிருக்கிறது. இதயம் நின்றுபோனது என்று மட்டும் எழுதக்கூடாது என்பது அதை நிரப்புவதற்கான அறிவுரை, ஏனென்றால் அது இறந்த விதமே தவிர இறப்புக்குக் காரணமாகாது. நோயின் காரணத்தை 'நோய்முதல்' என்று குறிக்கும் பழந்தமிழ் வழக்கும் இதே திசையில்தான் போகிறது. முதல் என்பது தொடக்கம், சங்கிலியின் முதல் கண்ணி. இந்தப் படிவத்தை மொழிபெயர்க்கும்போது 'காரணம்' என்று எழுதினாலே போதும். ஆனால் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும்போது 'ரீசன் ஃபார் டெத்' என்று எழுதிவிடாதீர்கள். இறந்தவர் எதற்காகவோ உயிரைக் கொடுத்ததுபோல் ஒரு நிழல் அந்தச் சொற்றொடரின் மேல் விழுந்துவிடும்.

நான்காம் படி: நாம் நம்புவதற்கான அடிப்படையைத் தனியே பிரியுங்கள்

நான் பார்த்தவரை அறிவியல் படிக்கும் மாணவர்களும் தடுக்கி விழும் இடம் இது. ஆகவே இங்கே கொஞ்சம் கூடுதலாகத் தங்கிச் செல்வோம்.

ஜூன் மாதத்தில் கார் பருவ நெல் சாகுபடிக்குத் தண்ணீர் வருமா என்று காத்திருக்கும் நாள்களில், காலையில் நாளிதழைப் பிரித்தவுடன் நம் பக்கத்து விவசாயிகள் அணைகளின் நீர்மட்டத்தைத்தான் பார்ப்பார்கள். பாபநாசம் அணையின் முழு உயரம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி என்பதெல்லாம் மனப்பாடம். பாபநாசத்தில் ஓர் இரவில் பல அடி ஏறியிருக்கிறது என்று படித்ததும் ஒருவர் சொல்வார்: 'அணை ஏறியிருக்கு, அதனால மலையில நல்ல மழை.' தமிழில் இது முற்றிலும் சரியான வாக்கியம். இதில் வரும் 'அதனால்' என்பதைக் கண்டு 'காஸ்' என்ற சொல்லைப் போட்டால், அணையில் தண்ணீர் ஏறியது மழையைப் பெய்ய வைத்தது என்று தலைகீழாகிவிடும்.

அணை ஏறியது மழைக்குக் காரணமன்று. மழை பெய்தது என்று நாம் நம்புவதற்குக் காரணம். ஆங்கிலம் இதை 'ரீசன் டு பிலீவ்' என்கிறது. தமிழில் இதற்கென்றே நம்மிடம் முகாந்திரம் என்ற சொல் இருக்கிறது, காவல்துறை ஆவணங்களிலும் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் அது உயிரோடு வழங்குகிறது. 'குற்றம் நடந்ததாக நம்ப முகாந்திரம் இருக்கிறது' என்றால், முகாந்திரம் குற்றத்தை விளைவித்தது என்று ஒருவரும் பொருள் கொள்ளமாட்டார்கள். உண்மையில் 'காஸ்' எதிர்த்திசையில் ஓடுகிறது. மலையில் மழை பெய்ததால் அணை ஏறியது. நம் அறிவு மட்டும் அணையிலிருந்து மழைக்கு ஏறிப் போகிறது. தண்ணீர் கீழ்நோக்கி வருவது 'காஸ்', நாம் அந்தத் தண்ணீரின் தடத்தைப் பிடித்து மேல்நோக்கிப் போவது 'ரீசன்'.

குற்றாலத்துக்கும் இது பொருந்தும். தென்காசிச் சாலையில் தலை ஈரத்தோடும் தோளில் துண்டோடும் வண்டிகளில் ஆட்கள் திரும்பி வருவதைப் பார்த்தால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்துகொள்கிறோம். அந்த ஈரத்தலை நம் முகாந்திரம். சாரலுக்குக் 'காஸ்' என்னவோ, தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே ஈரத்தைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் வருவதுதான். அதே மலைத்தொடர் காற்றை மறித்து நிற்பதால், அந்த மாதங்களில் கிழக்கே சமவெளி வறண்டு கிடக்கிறது.

திருநெல்வேலி அல்வாவின் ருசிக்குத் தாமிரபரணித் தண்ணீர்தான் காரணம் என்று எல்லோரும் சொல்கிறோம். இதைச் சொல்லும்போது நாம் ஒரு 'காஸ்' என்பதை முன்வைக்கிறோம் என்ற நினைவு வேண்டும். அதே சம்பாக் கோதுமைப் பால், அதே நெய், அதே சர்க்கரை, அதே கை, தண்ணீர் மட்டும் வேறு என்று கிண்டிப் பார்த்தால்தான் அந்தக் கூற்று தேறுமா என்று தெரியும். வெளியூரில் செய்த அல்வா இந்த ருசியில் இல்லை என்பது அந்தக் கூற்றை நம்புவதற்கு ஒரு 'ரீசன்' மட்டுமே. வெளியூரில் தண்ணீரோடு சேர்ந்து அடுப்பும் ஆளும் பக்குவமும்கூட மாறியிருக்கலாமே.

ஐந்தாம் படி: உடன் வரும் சொற்களைப் பொருத்துங்கள்

எந்தச் சொல் என்று முடிவானபின் அதன் துணைச்சொற்கள் சரியாக வரவேண்டும். 'காஸ்' என்பதற்குப் பின் பெரும்பாலும் 'ஆஃப்' வரும், 'ரீசன்' என்பதற்குப் பின் 'ஃபார்' வரும். 'ரீசன்' என்பதோடு 'ஒய்', 'தட்', 'டு' ஆகியவையும் வரும். 'காஸ்' வினைச்சொல்லாக வந்தால் விளைவித்தல், 'த ஃப்ளட் காஸ்ட் டேமேஜ்' என்பதுபோல. 'ரீசன்' வினைச்சொல்லாக வந்தால் ஆராய்ந்து சிந்தித்தல் என்று பொருள் தடம் மாறிவிடும். எனவே வெள்ளம் சேதத்தை 'ரீசன்' பண்ணியது என்று எழுத வழியே இல்லை.

வினையாக வரும் 'காஸ்' கெட்டதோடு கூடிப் பழகிய சொல். விபத்து, சேதம், வலி, தாமதம், மரணம் ஆகியவற்றோடுதான் ஆங்கிலத்தில் அது அதிகமாகத் தென்படும். நல்ல மழை விவசாயிகளுக்கு மகிழ்ச்சியை ஏற்படுத்தியது என்பதை மொழிபெயர்க்கும்போது 'காஸ்ட்' என்று போடாமல், கொண்டுவந்தது என்ற பொருளில் 'ப்ராட்' என்று எழுதினால் காதுக்கு இதமாக இருக்கும்.

'த ரீசன் ஈஸ் பிகாஸ்' என்ற தொடரைக் கவனமான எழுத்தில் தவிர்ப்பது நல்லது. 'காரணம் என்னவென்றால், ஏனென்றால்' என்று தமிழில் எழுதுவோமா? அதே இரட்டிப்புதான் அங்கும் இருக்கிறது. 'பிகாஸ்' என்ற சொல்லுக்குள்ளேயே 'காஸ்' இருக்கிறது, 'பை', 'காஸ்' என்ற இரண்டு சொற்கள் இடைக்கால ஆங்கிலத்தில் ஒட்டிப் பிறந்தது அது. ஆனாலும் இன்று 'பிகாஸ்' இரண்டு வகைக் காரணத்துக்கும் பொதுவாக நிற்கிறது. எந்தச் சொல் என்று தேர்வு அறையில் முடிவு செய்ய முடியாதபோது வாக்கியத்தை 'பிகாஸ்' வைத்துத் திருப்பி எழுதிவிடுங்கள் என்று என் மாணவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

ஆறாம் படி: 'காஸ்' மற்ற பொருள்களில் வரும் இடங்களைத் தெரிந்துகொள்ளுங்கள்

தொடக்கத்தில் சொன்ன ஷோகாஸ் நோட்டீஸுக்கு இப்போது திரும்பலாம். 'உங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்குக் காரணம் காட்டவும்' என்று அது கேட்கிறது. மூன்றாம் படியின் சோதனைப்படி இது நியாயமான காரணம், ஆகவே 'ரீசன்' அல்லவா என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. லத்தீனில் 'காஸா' என்ற சொல்லுக்கு வழக்கு, வாதம் என்ற பொருளும் இருந்தது. அந்தப் பழைய பொருள் சட்ட ஆங்கிலத்தில் இன்னும் உறைந்து கிடக்கிறது. நீதிமன்றத்தில் ஒட்டப்படும் 'காஸ் லிஸ்ட்' அன்றைய வழக்குகளின் பட்டியல்தான். 'காஸ் ஆஃப் ஆக்‌ஷன்' என்பதை நம் வாதுரைகளில் வழக்குமூலம் என்று எழுதுகிறார்கள். ஆக, ஷோகாஸ் நோட்டீஸ் வந்தால் நடந்ததை மட்டும் விவரித்துவிட்டு விடக்கூடாது. பேருந்து வழியில் நின்றுவிட்டது என்பது தாமதத்தின் 'காஸ்'. அதன்பின் நீங்கள் என்ன செய்தீர்கள், யாருக்குத் தகவல் சொன்னீர்கள், ஏன் அதைக் குற்றமாகக் கொள்ளக்கூடாது என்பதுவரை எழுதினால்தான் அது கேட்ட கேள்விக்குப் பதிலாகும்.

'காஸ்' என்பதற்குப் பின் 'ஆஃப்' வராமல் 'ஃபார்' வந்தால் அது இந்த வகையைச் சேர்ந்தது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். 'காஸ் ஃபார் கன்சர்ன்' என்றால் கவலைப்பட இடமிருக்கிறது என்று பொருள், கவலையை உண்டாக்கிய பொருள் என்பதன்று.

பாடுபடத்தக்க கொள்கை, பொதுநலப் பணி என்றும் 'காஸ்' பொருள்படும். நற்காரியத்துக்கு நன்கொடை கொடுத்தார் என்பதை 'குட் காஸ்' வைத்துச் சொல்வது இதனால்தான்.

நம் மாவட்டத்தில் பழைய ஆங்கில வேதாகமம் இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. 1611இல் வெளிவந்த அந்த மொழிபெயர்ப்பில், மனிதன் தாய் தகப்பனை விட்டு மனைவியோடு இசைந்திருப்பான் என்ற வசனம் 'ஃபார் திஸ் காஸ்' என்று தொடங்குகிறது. தமிழில் அது 'இதினிமித்தம்'. இன்று அப்படி எழுதினால் பழைமை வாடை அடிக்கும். 'ஃபார் திஸ் ரீசன்' என்பதே இன்றைய வழக்கு.

ஏழாம் படி: ஒரே நிகழ்ச்சியில் இரண்டையும் பிரித்துப் பழகுங்கள்

இதற்கு நம் மண்ணின் வரலாற்றிலிருந்தே ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்வது வழக்கம். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், பெட்டியில் அமர்ந்திருந்த திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை வாஞ்சிநாதன் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டு இறந்தார்.

ஆஷின் மரணத்துக்குக் 'காஸ்' எது? துப்பாக்கிக் குண்டு ஏற்படுத்திய காயம். மருத்துவர் எழுதக்கூடியது அவ்வளவுதான், அதற்கு மேல் எழுத அவருக்கு வேலையும் இல்லை. வாஞ்சி சுட்டதற்கு 'ரீசன்' எது? அவர் சட்டைப்பையில் இருந்த கடிதத்தில் அவரே அதை எழுதி வைத்திருந்தார். ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா நடக்கவிருந்த நேரம் அது, அதை எதிர்க்கும் எண்ணம் கடிதத்தில் இருக்கிறது. அந்தக் கடிதம் கிடைக்காமல் போயிருந்தாலும் மரணத்தின் 'காஸ்' ஓர் இம்மியும் மாறியிருக்காது. 'ரீசன்' மட்டும் நமக்கு ஊகமாகவே நின்றிருக்கும்.

மூன்றாவதாக ஒரு கேள்வியும் உண்டு, வரலாற்று மாணவர்களுக்கு அதுதான் கடினம். அந்த நிகழ்ச்சிக்கு வரலாற்றுக் காரணங்கள் எவை? 1908 மார்ச்சில் வ.உ.சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதும், மறுநாள் திருநெல்வேலியில் மூண்ட எழுச்சியும், அதில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்ததும், சுதேசிக் கப்பல் நிறுவனம் நசிந்ததும் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுபவை. இவற்றை ஆங்கிலத்தில் 'காஸஸ்' என்று பன்மையில் எழுதுகிறோம். 'ரீசன்ஸ்' என்று எழுதினால் இவை அனைத்தும் வாஞ்சியின் மனத்தில் எண்ணங்களாக இருந்தன என்று நாம் சாட்சி சொல்வதாகிவிடும். ஒரு காலத்தின் சூழல் ஒருவரை உருவாக்குவது வேறு, அவரே தம் செயலுக்குச் சொல்லும் நியாயம் வேறு. தேர்வுத் தாளில் இந்த ஒரு சொல்லைச் சரியாகப் போடும் மாணவர் வரலாற்றையும் சரியாகப் படித்திருக்கிறார் என்று நான் கொள்வேன்.

பழகிப் பார்க்க இன்னும் இரண்டு. பத்தமடையில் பாய்க்கான கோரையை ஏன் ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள்? ஊறிய கோரை ஏன் நார்நாராக இளகி வருகிறது? முதலாவது கேள்வி நெசவு செய்பவரின் எண்ணத்தைக் கேட்கிறது, ஆகவே 'ரீசன்'. இரண்டாவது தண்ணீரும் நாளும் கோரைக்குள் செய்த வேலையைக் கேட்கிறது, ஆகவே 'காஸ்'. வயல்கள் உள்ள ஊர்க்காரர்கள், 'இந்த வருஷம் கார் போடலை' என்ற வாக்கியத்தையும் 'கார்ப் பயிர் கருகிப்போச்சு' என்ற வாக்கியத்தையும் எடுத்து இதேபோல் தாங்களே பிரித்துப் பார்க்கலாம்.

பெரியப்பாவின் மனுவை அன்றே அந்த அலுவலகத் திண்ணையில் உட்கார்ந்து திருத்தி எழுதினேன். 'த காஸ் ஆஃப் த ஃபயர் ஈஸ் நாட் நோன்' என்று மாற்றியதோடு, படப்பு எரிந்தது என்பதையும் தன்வினையாகவே அமைத்தேன். எழுத்தர் அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்துவிட்டு, "இப்ப சரியா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லி மனுவில் முத்திரையைக் குத்தினார்.